உறைக்கு எவ்வளவு? உணவுக்கு எவ்வளவு?



கட்டிட வேலைக்குப் போகும் ஒரு தாய். மாலையில் கூலி வாங்குகிறார். வீட்டுக்குப் போகும் வழியில் மளிகைக் கடையில் நிற்கிறார். அரிசி வாங்கியாயிற்று. காய் வாங்கியாயிற்று. டீத்தூளுக்கு மீதி இருப்பது 10 ரூபாய்தான். கடையில் சரம் சரமாகப் பாக்கெட்டுகள் தொங்குகின்றன. அதில் ஒன்றைக் கிழித்துக் கொடுக்கிறார் கடைக்காரர்.

10 ரூபாய்தானே, இதில் என்ன நஷ்டம்? ஓர் உதாரணக் கணக்கைப் பாருங்கள்.

10 ரூபாய் பாக்கெட்டில் 20 கிராம் டீத்தூள் இருக்கிறது. அப்படியானால் ஒரு கிராம் 50 காசு. அதே டீத்தூள் 250 கிராம் பாக்கெட் 90 ரூபாய். அதில் ஒரு கிராம் 36 காசுதான். தினம் ஒரு சிறிய பாக்கெட் வாங்கினால், மாதம் 300 ரூபாய் ஆகிறது. கிடைப்பது 600 கிராம். பெரிய பாக்கெட் விலையில் 600 கிராம் 216 ரூபாய்தான். மாதம் 84 ரூபாய் அதிகம். ஆண்டுக்கு 1,008 ரூபாய்! கையில் மொத்தமாகப் பணம் இல்லாதவர்தான் இந்த அதிக விலையைக் கொடுக்கிறார்.

இந்த அதிகப் பணம் எங்கே போகிறது? உறைக்கும், அச்சுக்கும், விளம்பரத்துக்கும் ஒரு பகுதி போகிறது. மாதம் 30 உறைகள் குப்பைக்குப் போகின்றன. பால் கவரைப் பழைய பொருள் வியாபாரி எடைக்கு வாங்கிக்கொள்வார். ஆனால் பளபளக்கும் சிப்ஸ் உறையில் பிளாஸ்டிக்கும் அலுமினியமும் ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கும். அவற்றைப் பிரிப்பது கடினம். அதனால் அதை யாரும் வாங்குவதில்லை. அது சாக்கடையில் விழுந்து அடைத்துக்கொள்கிறது. அதை அள்ளும் செலவும் மக்கள் பணம்தான்.

மறைந்திருக்கும் செலவு இன்னும் உண்டு. 2022 ஜூலை 18 முதல் உறையில் அடைத்துப் பெயர் அச்சிட்ட அரிசி, பருப்பு, கோதுமை மாவு ஆகியவற்றுக்கு 5 சதவீத ஜி.எஸ்.டி. வரி வந்தது. 25 கிலோ வரையிலான பாக்கெட்டுகளுக்கு இந்த வரி. மூட்டையிலிருந்து அள்ளி நிறுத்துக் கொடுத்தால் வரி இல்லை. பாக்கெட்டில் போட்ட விலையில் வரியும் சேர்ந்தே இருக்கும். அதனால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை.

சில சமயம் விலை மாறாது, எடை குறைந்துவிடும். 5 ரூபாய் பிஸ்கட் 5 ரூபாயாகவே இருக்கும். உள்ளே கிராம் குறைந்திருக்கும். எண்ணைப் படிப்பவர்தான் இதைக் கண்டுபிடிப்பார்.

அப்படியானால் பாக்கெட்டே வேண்டாமா? அப்படி இல்லை. 1998ஆம் ஆண்டு டில்லியில் கடுகு எண்ணெயில் பிரம்மதண்டு விதை எண்ணெய் கலந்திருந்தது. அதைச் சமையலில் சேர்த்தவர்களுக்குக் கால் வீங்கியது, மூச்சுத் திணறியது. 60க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதே ஆண்டில் எண்ணெயை அடைத்துத்தான் விற்க வேண்டும் என்று மத்திய அரசு ஆணை போட்டது. கலப்படத்தைத் தடுக்கும் உறைக்குக் காசு கொடுப்பது நியாயம். முழுப் பருப்பையும் அரிசியையும் கண்ணால் பார்த்து, கையால் தொட்டு வாங்கலாம். எண்ணெயை அப்படி வாங்க முடியாது. எந்த உறை தேவை, எந்த உறை வீண் என்று பிரித்துப் பார்க்க வேண்டும்.

பாக்கெட்டை வாங்குமுன் மூன்று எண்களைப் படியுங்கள்.

முதலில், நிகர எடை. இது உறையின் எடை சேராத, பொருளின் எடை மட்டும். இனிப்புக் கடையில் அட்டைப் பெட்டியையும் சேர்த்து நிறுத்தால், அது தவறு. பெட்டியைக் கழித்து நிறுக்கச் சொல்லுங்கள்.

இரண்டாவது, அதிகபட்ச சில்லறை விலை. எல்லா வரியும் இதில் அடக்கம். இதற்கு மேல் ஒரு ரூபாய்கூடக் கேட்கக்கூடாது. குறைத்துக் கொடுக்கலாம்.

மூன்றாவது, ஒரு கிராம் விலை. 2021இல் செய்த விதித் திருத்தத்தின்படி இதையும் அச்சிட வேண்டும். ஒரு கிலோவுக்கு மேற்பட்ட பாக்கெட்டில் ஒரு கிலோ விலை இருக்கும். இரண்டு பாக்கெட்டுகளை ஒப்பிட இந்த ஓர் எண் போதும். பெரியது எப்போதும் மலிவு என்று நம்பிவிடாதீர்கள். சில பொருட்களில் சிறியதே மலிவாக இருக்கும்.

அதிக விலை கேட்டாலோ, எடை குறைந்தாலோ, 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் பேசலாம். பில்லைப் பத்திரமாக வையுங்கள்.

10 ரூபாய் மட்டும் உள்ள அந்தத் தாய் என்ன செய்யலாம்? சுய உதவிக் குழுவில் 10 பெண்கள் சேரட்டும். ஆளுக்கு 9 ரூபாய் போடட்டும். 90 ரூபாய்க்கு அந்த 250 கிராம் பாக்கெட்டை வாங்கட்டும். வீட்டிலிருந்து டப்பா கொண்டுவந்து பங்கு பிரிக்கட்டும். ஆளுக்கு 25 கிராம் கிடைக்கும். 20 கிராம் வாங்கிய இடத்தில் 25 கிராம்! கையில் ஒரு ரூபாய் மிச்சம். 12 உறைகளுக்கு மேல் குப்பைக்குப் போகும் இடத்தில் ஒன்றுதான் போகும்.

எழுத்தும் எண்ணும் கற்றது கையெழுத்துப் போட மட்டும் அல்ல. பாடுபட்டுச் சம்பாதித்த கூலியைக் காப்பாற்றவும்தான். இன்று கடைக்குப் போகும்போது ஒரு பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்கள். அதில் உள்ளதை வாய்விட்டுப் படியுங்கள். பிறகு காசைக் கொடுங்கள்.