வெள்ளையடிக்கலாம் வாருங்கள்



'நம் வீட்டை நாமே சீர்செய்வோம்' என்று இந்த நிகழ்ச்சியில் பேச எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். அலமாரி மாட்டுவது, குழாய் வாஷர் மாற்றுவது, மாடியில் ஒழுகலை அடைப்பது என்று எல்லாவற்றையும் பேசச் சொன்னார்கள். கொடுத்திருக்கிற நேரத்துக்குள் அத்தனையும் பேசினால் ஒன்றும் உருப்படியாக உங்கள் காதில் விழாது. அதனால் ஒரே ஒரு அறையை எடுத்துக்கொள்கிறேன். அதிலும் தரை, கூரையை விட்டுவிடுகிறேன். நான்கு சுவர் போதும்.

கும்பகோணத்தில் பெயின்ட், ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். அப்பா ஆரம்பித்த கடை. அவர் காலத்தில் வாசலில் சுண்ணாம்பு மூட்டையும் காவிப் பொட்டலமும் இருக்கும். இப்போது அந்த இடத்தில் கலர் கலக்குகிற மெஷின் நிற்கிறது. பட்டனைத் தட்டினால் கேட்ட நிறம் வரும். வருகிறவர்கள் எல்லோரும் முதலில் கேட்பது, "பெட்ரூமுக்கு என்ன கலர் நல்லா இருக்கும்?" என்றுதான். நான் பதிலுக்குக் கேட்பேன்: "உங்களோடது என்ன சுவர் சார்?" உடனே முகத்தைப் பார்ப்பார்கள், இதென்ன கேள்வி என்பதுபோல. சுவர் சுவர்தானே?

இல்லைங்க. சுண்ணாம்புக் காரைச் சுவர் வேறு, சிமெண்ட் சுவர் வேறு. இரண்டுக்கும் ஒரே டப்பாவிலிருந்து எடுத்துப் பூசுவதால்தான் பாதி வீடுகளில் பெயின்ட் செதில் செதிலாக உரிகிறது. பழி டப்பாவின் மேல் விழுகிறது. டப்பாவை விற்ற என் மேலும் விழுகிறது.

சிமெண்ட் நமக்குப் புதிது. இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்துக் கொத்தனார் ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லேண்ட் சிமெண்டுக்குக் காப்புரிமை வாங்கியது 1824இல். குஜராத் கடற்கரையில் போர்பந்தரில் ஆலை உற்பத்தி தொடங்கியது 1914இல். அது நம் ஊர்த் தெருக்களுக்கு வந்து சேர இன்னும் பல வருஷம் ஆனது. ஆகவே உங்கள் வீடு தாத்தா, கொள்ளுத்தாத்தா கட்டியது என்றால், செங்கலுக்கு நடுவிலும் மேல்பூச்சிலும் இருப்பது பெரும்பாலும் சுண்ணாம்புக் காரைதான். சந்தேகம் இருந்தால் பீரோவுக்குப் பின்னால், கண்ணில் படாத இடமாகப் பார்த்து ஒரு ரூபாய் நாணயத்தால் கீறிப் பாருங்கள். காரை என்றால் பொடி உதிரும், பள்ளம் விழும். சிமெண்ட் என்றால் நாணயம்தான் தேயும்.

அடுத்தது, கையில் கொஞ்சம் தண்ணீர் எடுத்துச் சுவரில் தெளியுங்கள். சுவர் தண்ணீரைக் குடித்துவிட்டதென்றால் மேலே பெயின்ட் இல்லை, வெறும் வெள்ளையடிப்புதான். முத்து முத்தாக உருண்டு வழிந்தால் யாரோ எப்போதோ எமல்ஷனோ எனாமலோ அடித்திருக்கிறார்கள். இந்த இரண்டு சோதனைக்கும் காலணா செலவில்லை.

காரைச் சுவர் ஈரத்தை வாங்கும், வெயில் வந்தால் விட்டுவிடும். மழைக்காலத்தில் அஸ்திவாரத்திலிருந்து ஏறுகிற ஓதம் இப்படித்தான் வெளியே போகும். அதன் மேல் பிளாஸ்டிக் பெயின்டைப் பூசினால் ஈரம் எங்கே போகும்? உள்ளேயே நிற்கும். மண்ணிலிருந்தும் செங்கலிலிருந்தும் கரைத்துக்கொண்டு வந்த உப்பு பெயின்டுக்கு அடியில் படிகமாகி, பெயின்டை நெம்பித் தள்ளும். இடுப்பு உயரம் வரை சுவர் பொரிந்து, உப்புப் பூத்து நிற்கிற வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். அங்கே நடப்பது இதுதான்.

அக்ரஹாரத்துப் பழைய வீடு ஒன்றை வாங்கிய தம்பி ஒருவர், ஒரே சுவருக்கு வருஷா வருஷம் பெயின்ட் வாங்க வருவார். ஒவ்வொரு தடவையும் போன தடவையைவிட விலை கூடிய டப்பாவாகக் கேட்பார். யாபாரிக்கு நல்லதுதான். ஆனாலும் மனசு கேட்கவில்லை. போய்ப் பார்த்தேன். சுவரின் கீழ்ப் பாதியில் யாரோ சிமெண்ட் பூசி, அதற்கு மேல் எமல்ஷன் அடித்திருக்கிறார்கள். இரண்டடிக்கு இரண்டடி பிளாஸ்டிக் தாளை வெட்டி, நான்கு பக்கமும் டேப் போட்டு சுவரோடு ஒட்டிவிட்டு வந்தேன். நீங்களும் செய்து பார்க்கலாம். இரண்டு நாள் கழித்துத் தாளுக்கு உட்புறம், அதாவது சுவரைப் பார்த்த பக்கம் வேர்த்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. வெளிப்பக்கம் வேர்த்திருந்தால் அறைக் காற்றின் ஈரம். ஜன்னலைத் திறந்து வைத்தால் போதும். அந்தத் தம்பி வீட்டில் உட்புறம் வேர்த்திருந்தது. பின்னால் போய்ப் பார்த்தால் கொல்லைக் குழாயடித் தண்ணீர் சுவர் ஓரமாகவே தேங்குகிறது. வாய்க்கால் வெட்டித் தண்ணீரைத் திருப்பினோம். சிமெண்ட் பூச்சைக் கொத்தி எடுத்து, காரையே பூசி, உலர விட்டு, வெள்ளையடித்தார். அதற்கப்புறம் அவர் என் கடைக்குப் பெயின்ட் வாங்க வருவதில்லை. ஆணி வாங்க வருகிறார்.

சரி, சுண்ணாம்புக்கு வருவோம். உண்மையைச் சொன்னால் நான் பேச ஆசைப்பட்டதே இதைத்தான்.

சுண்ணாம்புக் கல்லையோ கடல் கிளிஞ்சலையோ காளவாயில் ஏறக்குறைய 900 டிகிரி சூட்டில் சுட்டால் அதிலிருக்கிற கரியமில வாயு பிரிந்து போய்விடும். மிஞ்சுவது சுட்ட சுண்ணாம்பு. அதில் தண்ணீர் பட்டால் கொதித்து, வெடித்து, பூத்து மாவாகும். அதுதான் நீற்றுவது. நீற்றிய சுண்ணாம்பைக் கரைத்துச் சுவரில் அடிக்கிறோம். அது காற்றிலிருந்து கரியமில வாயுவைத் திரும்ப வாங்கிக்கொண்டு, பழையபடி கல்லாகிவிடுகிறது. சுவரில் வெள்ளையாக நிற்பது, மெல்லிசாகப் பரப்பிய சுண்ணாம்புக் கல். பெயின்ட் சுவரின் மேல் ஒட்டி நிற்கும். சுண்ணாம்பு சுவரோடு சேர்ந்துவிடும்.

இதை நம் ஆட்கள் எந்த அளவுக்குக் கொண்டுபோனார்கள் என்று பார்க்க வேண்டுமானால் காரைக்குடிப் பக்கம் போய் வாருங்கள். செட்டிநாட்டு வீடுகளின் சுவரில் கையை வைத்தால் கண்ணாடியைத் தொட்டமாதிரி இருக்கும். சுண்ணாம்பை அரைத்து அரைத்து, ஒவ்வொரு பூச்சும் முந்தினதைவிட நைசாக, கடைசிப் பூச்சில் முட்டையின் வெள்ளைக்கரு சேர்த்து, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றியிருக்கிறார்கள். பழைய கோயில்களைப் புதுப்பிக்கும்போது இன்றைக்கும் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துத்தான் காரை அரைக்கிறார்கள். அந்த வேலை நம்மால் ஆகாது. அதற்கென்று கைவாகு உள்ள கொத்தனார்கள் இருக்கிறார்கள். ஆனால் வெள்ளையடிப்பது நம்மால் ஆகும். போகிக்கு முன்னால் வீட்டுப் பெண்களும் பிள்ளைகளும் செய்துவந்த வேலைதானே அது?

முறையைச் சொல்கிறேன், பேனா எடுத்துக்கொள்ளுங்கள். கிளிஞ்சல் சுண்ணாம்பு கிடைத்தால் அதுவே உசத்தி. நீற்றிய சுண்ணாம்பாகவே வாங்குங்கள். வீட்டில் வேறு வழியில்லாமல் கல் சுண்ணாம்பை நீற்றுவதானால் பிளாஸ்டிக் வாளி கூடவே கூடாது, சூட்டில் இளகிவிடும். இரும்பு டிரம்மில் முதலில் தண்ணீரை நிறைய ஊற்றி, அதில் கல்லைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட வேண்டும். கல்லைக் குவித்து மேலே தண்ணீர் தெளித்தால் முகத்தில் தெறிக்கும். பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள்.

தண்ணீரில் குறைந்தது ஓர் இரவு ஊறட்டும். எத்தனை நாள் கூட ஊறுகிறதோ அத்தனைக்கு நல்லது. பிறகு பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். என் கடைக்கு ஒரு பாட்டி வருவார். சுண்ணாம்பை ஒரு சிட்டிகை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்துத் தேய்த்துப் பார்ப்பார். நறநறவென்றால், "இது வேணாம்ப்பா, சுவத்துல தரிக்காது" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். அவர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். வடிகட்டியதைப் பால் பதத்துக்குக் கரையுங்கள். ஒட்டுவதற்குச் சோற்றுக் கஞ்சி சேர்ப்பார்கள், வஜ்ஜிரம் காய்ச்சி ஊற்றுகிறவர்களும் உண்டு. வெண்மை எடுப்பாகத் தெரியத் துணிக்குப் போடுகிற நீலத்தைத் தனியாகக் கரைத்து, சொட்டுச் சொட்டாக விடுங்கள். கை தவறினால் சுவர் திட்டுத் திட்டாக நீலம் பாரிக்கும்.

சுவரில் ஒட்டடை, பழைய பொருக்கு எல்லாவற்றையும் சுரண்டிவிட்டுத் தண்ணீர் தெளித்து நனையுங்கள். காய்ந்த சுவரில் அடித்தால் சுவர் தண்ணீரை உறிஞ்சிவிட்டு மாவை வெளியே விட்டுவிடும். அந்தக் காலத்தில் தாழை விழுதைத் தட்டி நாராக்கி மட்டை செய்துகொள்வார்கள். இப்போது அகலமான நார் பிரஷ் கிடைக்கிறது. முதல் பூச்சு மேலிருந்து கீழ், அது காய்ந்தபின் அடுத்தது இடமிருந்து வலம், பிறகு இன்னொன்று.

போன வருஷம் வாத்தியார் தம்பதி இரண்டு பேர், லீவு நாளில் தாங்களே அடிக்கிறோம் என்று வாங்கிக்கொண்டு போனார்கள். சாயங்காலம் போன். "அண்ணே, அடிச்சுட்டோம், வெள்ளையே தெரியலையே! தண்ணி அடிச்ச மாதிரி இருக்கு. இன்னும் கெட்டியாக் கரைக்கட்டுமா?" நான் சொன்னேன்: "டீச்சர், வாளியை மூடி வைச்சுட்டுத் தூங்குங்க, காலையில பாருங்க." ஈரமாக இருக்கும்போது சுண்ணாம்பு கண்ணாடிமாதிரி இருக்கும், அடிச் சுவர் தெரியும். காயக் காயத்தான் வெண்மை மேலே வரும். இது தெரியாமல் கெட்டியாக அப்புகிறவர்களின் வீட்டில்தான் சாய்ந்து உட்கார்ந்தால் சட்டை முதுகு முழுக்க வெள்ளையாகிறது. காலையில் டீச்சர் போன் செய்யவில்லை. சாயங்காலம் நேரில் வந்து, அடுத்த அறைக்கு வாங்கிக்கொண்டு போனார்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவிடுகிறேன். சுண்ணாம்பு கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து. தலைக்கு மேல் கையைத் தூக்கி அடிக்கும்போது சொட்டத்தான் செய்யும். கண்ணாடி, கையுறை இல்லாமல் பிரஷைத் தொடாதீர்கள். பட்டுவிட்டால் குழாயைத் திறந்து கால் மணி நேரத்துக்குக் குறையாமல் கண்ணைக் கழுவிவிட்டு நேராக ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விளக்கெண்ணெய், தாய்ப்பால் என்று வீட்டு வைத்தியம் எதுவும் வேண்டாம்.

சிமெண்ட் சுவர்க்காரர்கள் கோபித்துக்கொள்ளப் போகிறீர்கள், உங்களுக்கு ஒன்றுமே சொல்லவில்லையே என்று. நேரம் குறைவாக இருக்கிறது, வேகமாகச் சொல்கிறேன். உப்புத்தாள், பட்டி, மறுபடி உப்புத்தாள், பிரைமர், அப்புறம் எமல்ஷன் இரண்டு கோட். அளவு சுலபம்: பத்துக்குப் பன்னிரண்டு அறை, பத்தடி உயரம் என்றால் நான்கு சுவரும் 440 சதுர அடி, கதவு, ஜன்னல் போக 400. ஒரு கோட்டுக்கு லிட்டருக்கு ஏறக்குறைய நூறு சதுர அடி வரும். இரண்டு கோட்டுக்கு எட்டு லிட்டருக்குள் முடிய வேண்டும். கடைக்காரர் இருபது லிட்டர் டிரம்மைக் காட்டினால் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுங்கள். நானாக இருந்தாலும் சரி. பழைய எனாமலை உலர்வாகத் தேய்க்காதீர்கள். வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்கைத் தாண்டக் கூடாது என்று மத்திய அரசு விதி போட்டதே 2016இல்தான், நடைமுறைக்கு வந்தது அடுத்த வருஷம். அதற்கு முந்தின பூச்சில் ஈயம் இருக்கக்கூடும். நனைத்துத் தேயுங்கள், பிள்ளைகளும் கர்ப்பிணிகளும் அந்தப் பக்கம் வர வேண்டாம். சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலேயும் நேர் கீழேயும் டிரில் போடாதீர்கள், வயர் அந்த வழியாகத்தான் போகும். எமல்ஷன் அடித்த சுவரில் சுண்ணாம்பு நிற்காது என்பதையும் சொல்லிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

தயாரிப்பாளர் கையைக் காட்டுகிறார். அடைமழை ஓய்ந்து வெயில் தலைகாட்ட ஆரம்பித்திருக்கிறது. கொளுத்துகிற வெயிலும் இல்லை, சொட்டுகிற ஈரமும் இல்லை. சுண்ணாம்புக்கு இதைவிடத் தோதான பருவம் கிடையாது. முழு வீட்டுக்கும் ஆசைப்பட வேண்டாம். காரைச் சுவர் உள்ளவர்கள் ஒரே ஓர் அறையை, அது கொல்லைப்பக்கத்துச் சாமான் அறையாக இருந்தாலும் சரி, போகிக்கு முன்னால் நீங்களே அடித்துப் பாருங்கள். சுண்ணாம்பை இன்றைக்கே வாங்கி ஊறப் போட்டுவிடுங்கள். கடையில் கண்ணாடியையும் கேட்டு வாங்குங்கள்.