பிறவிக் குணமா, வாழ்க்கை நிலையா?



மண்ணின் இயல்பை அறியாது விதைப்பவனை நாம் நல்ல கமக்காரன் என்று கொள்வதில்லை. நோயின் காரணத்தை அறியாது மருந்து கொடுப்பவனை வைத்தியன் என்று கொள்வதுமில்லை. ஆனால், மனிதர் கூடிவாழும் முறைபற்றித் தீர்ப்புக் கூறும்போது மட்டும் ஆராய்ச்சி எதுவும் வேண்டாம் என்று எண்ணிவிடுகிறோம். இக்குறையை நீக்க எழுந்த கல்வியே சமூகவியல். பிரெஞ்சு அறிஞர் ஒகுஸ்ட் கொம்ட் 1830களின் இறுதியில் இப்பெயரை வழங்கச் செய்தார்.

இக்கல்வியின் பயனை உணர ஓர் உதாரணம் போதும். அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில், ஏழாம் வட்டாரத்தில் கறுப்பின மக்கள் செறிந்து வாழ்ந்தனர். அங்கே வறுமையும் குற்றமும் மிகுந்திருந்தன. அது அவர்களுடைய பிறவிக் குணம் என்றே பலரும் கருதினர். 1896இல் பென்சில்வேனியா சர்வகலாசாலை அவர்களின் நிலையை ஆராயும் பணியை டு பொய்ஸ் என்னும் இளம் கறுப்பின அறிஞரிடம் ஒப்படைத்தது. அவர் வீடுவீடாகச் சென்றார். தொழில், வருவாய், வாடகை, கல்வி, பிறந்த இடம் ஆகியவற்றைக் கேட்டுக் குறித்தார். 9,675 பேரைப் பற்றிய விவரங்கள் திரண்டன.

அவர் கண்டதென்ன? கைத்தொழில் கற்றவனுக்கும் தொழிற்சாலைக் கதவு மூடியிருந்தது. தொழிற்சங்கங்கள் பெரும்பாலும் அவனைச் சேர்க்கவில்லை. ஆகவே, பெரும்பாலோர் வீட்டு வேலையையும் கூலி வேலையையுமே நம்பி வாழ்ந்தனர். குறைந்த கூலி பெற்றவர்கள் மிகுந்த வாடகை கொடுத்தனர். அடிமை முறை ஒழிந்து அப்போது ஒரு தலைமுறையே கழிந்திருந்தது. மேலும், அதே மக்களுள் வசதியுடையோரும் கற்றோரும் இருந்தனர். பிறப்பே காரணமாயின் இவ்வேறுபாடு எங்ஙனம் வரும்?

டு பொய்ஸ் தம் மக்களின் குறைகளை மறைக்கவில்லை. கறுப்பரின் கடமையையும் வெள்ளையரின் கடமையையும் ஒருங்கே எடுத்துரைத்தார். 1899இல் அந்நூல் வெளிவந்தது. ஆனால், அச்சர்வகலாசாலை அவருக்குப் பேராசிரியர் பதவி அளிக்கவில்லை. அவர் 1963இல் மறைந்தார். 2012இலேயே அங்கே அவருக்குக் கௌரவப் பேராசிரியர் நிலை வழங்கப்பெற்றது.

அன்பர்களே, நம் கிராமங்களிலும் ஒரு குறிச்சியாரைச் சுட்டி, “அவர்கள் பிறவியே அப்படி” என்று சொல்லும் வழக்கம் உண்டு. அச்சொல் நாவில் எழும்போது, அவர்களுக்குக் காணி இருந்ததா, கிணறு இருந்ததா, பாடசாலைக் கதவு திறந்திருந்ததா என்று முதலில் கேட்போமாக. கேட்டறிந்த பின்னரே தீர்ப்புக் கூறுவோமாக.