பேசப்படாத நோய்: கோவிந்தாபுரத்தில் பெண் தொழிலாளர்களிடையே ஆற்றிய உரை



தாயிடமோ நாத்தனாரிடமோ "அடி இறங்கிவிட்டது" என்று தாழ்ந்த குரலில் சொல்வதோடு நின்றுவிடுகிற நோய் ஒன்று உண்டு. மருத்துவம் அதைக் கருப்பை இறக்கம் என்கிறது. கருப்பை மட்டுமன்று, தாங்கும் தசைகளும் திசுக்களும் தளரும்போது சிறுநீர்ப்பையும் மலக்குடலும்கூடப் பெண்ணுறுப்பின் வழியே இறங்குவதுண்டு.

பிரசவமே முதற்காரணம், வயதும் தீராத இருமலும் மலச்சிக்கலும் துணைக்காரணங்கள். ஆயினும் பிரசவத்தில் நைந்த தசை தேறுமுன்பே சுமை தூக்கவைப்பது எது? முதலமடை மாந்தோப்பில் கூடை சுமப்பவளும், மலையில் கொழுந்து மூட்டை சுமப்பவளும் விடை அறிவார்கள். செங்கல்பட்டு வட்டாரத்தில் கிராமப்புற மகளிர் அமைப்பொன்றைச் சேர்ந்தோர் இந்நோயுற்ற பெண்களிடமே கேட்டெழுதிய ஆய்வு 1999இல் வெளிவந்தது. ஓய்வற்ற உழைப்பும் நெடுங்கால மௌனமும் அதில் பதிவாயின. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டம் பிரசவத்தின் பின் ஆறு வாரம் வேலை வாங்குவதைத் தடுத்தது. தோட்டத் தொழிலாளி அதைக் கேட்டுப் பெற வழியுண்டு; அன்றாடக் கூலிக்குச் செல்பவளுக்கு அந்த ஆறு வாரம் அடுப்பெரியாத ஆறு வாரம்.

நோய் வந்தபின்னும் வாழ்க்கை முடிந்துவிடுவதில்லை. அமெரிக்க மருத்துவர் அர்னால்ட் கெகல் 1948இல் விளக்கிய பயிற்சிக்குப் பணமோ கருவியோ வேண்டா. சிறுநீரையும் வாயுவையும் அடக்குவதுபோல் அடித்தசைகளை உள்ளிழுத்துச் சில நொடி நிறுத்தி, முழுமையாகத் தளர்த்தவேண்டும். மூச்சை அடக்கலாகாது, வயிற்றையும் தொடையையும் இறுக்கலாகாது. நாள்தோறும் மும்முறை, முறைக்குப் பத்துத் தடவை, மூன்று நான்கு மாதம் விடாது செய்தால் தொடக்கநிலை இறக்கத்தில் தொல்லை குறையும். இருமுமுன்னும் குடம் தூக்குமுன்னும் அதே தசையை இறுக்கிக்கொள்வது நல்லது. நடக்கலாம், முக்கித் தூக்குவதே தீது. முழுதும் வெளிவந்த கருப்பையைப் பயிற்சி உள்ளே ஏற்றிவிடாது என்பதையும் ஒளிக்காமல் சொல்லவேண்டும். அதற்கு உள்ளே பொருத்தும் வளையம் உண்டு, அறுவைச் சிகிச்சையும் உண்டு. இரத்தம் கசிந்தாலோ சிறுநீர் பிரியாமற்போனாலோ உடனே மருத்துவமனை செல்லவேண்டும். ஆனால் கருப்பையை எடுத்துவிடு என்று எவரேனும் அவசரப்படுத்தினால் இன்னொரு மருத்துவரையும் கேட்கவேண்டும். மராட்டியத்துப் பீடு மாவட்டத்தில் கரும்பு வெட்டும் பெண்கள் பலர் தேவையின்றிக் கருப்பையை இழந்த கதை 2019இல் நாடறிந்தது.

நேபாள உச்சநீதிமன்றம் 2008இல் இந்நோயைப் பெண்களின் இனப்பெருக்க உரிமை மீறலாகக் கண்டு, அரசு செயல்படவேண்டுமென ஆணையிட்டது. வீட்டு மூலையில் முணுமுணுக்கப்பட்ட வலி அங்கே அரசியல் கேள்வியாயிற்று. இங்கே? 2015 செப்டம்பரில் மூணாற்றின் தமிழ்ப் பெண் தொழிலாளர்கள் ஆண்களே நிறைந்த சங்கத் தலைமைகளை ஒதுக்கிவிட்டுத் தாமே சாலையில் அமர்ந்தனர். அந்த அவநம்பிக்கை செங்கொடிச் சங்கங்களையும் விட்டுவைக்கவில்லை. கூலியையும் போனஸையும் பேசத் தெரிந்த தலைமைக்குப் பெண்ணின் அடிவயிற்றைப் பற்றிப் பேச நா எழுந்ததில்லை.

அடுத்த கூலிப் பேச்சுக்குமுன் பெண்கள் மட்டும் அமரும் கூட்டமொன்று நடக்கட்டும். ஒருத்தி தூக்கும் மூட்டைக்கு எத்தனை கிலோ வரம்பு, பிள்ளை பெற்றவளுக்குக் கூலியோடு எத்தனை நாள் ஓய்வு, வேலையிடத்தில் கழிப்பிடம் எங்கே, பெண் மருத்துவர் மாதத்தில் எந்த நாள் வருவார் என்பவற்றை அவர்களே எழுதித் தரட்டும்.