‘பாஷை’ என்னும் சொல்லின் பயணம்



இன்று ஒரே ஒரு சொல்லைப் பற்றி உங்களோடு பேச விரும்புகிறேன். அது ‘பாஷை’ என்பது. வடமொழியில் ‘பாஷ்’ என்னும் வேர் பேசுதலைக் குறிக்கும். அதனின்று பிறந்தது ‘பாஷா’. இலக்கண ஆசிரியர் பாணினி, வேத வழக்கினின்று வேறுபடுத்திப் பேச்சு வழக்கைச் சுட்டவே இச்சொல்லை ஆண்டார்.

இச்சொல் நெடுந்தூரம் சென்றது. இந்தியிலும் தெலுங்கிலும் ‘பாஷா’, கன்னடத்தில் ‘பாஷெ’, சிங்களத்தில் ‘பாஷாவ’ என வழங்குகிறது. தமிழ்ச் செய்யுள் வழக்கு இதனைப் ‘பாடை’ எனத் தன் ஒலிமரபுக்கு இசைய மாற்றிக் கொண்டது. கடல் கடந்தால் தாய்லாந்தில் ‘பாசா’, மலாயில் ‘பஹாசா’. வணிகரும் துறவியரும் சென்ற வழியே சொல்லும் சென்றது. சுமத்திராத் தீவில் பலெம்பாங் அருகே கிடைத்த ஏழாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, பழைய மலாய் மொழியில் வடசொற்கள் விரவ, பல்லவ எழுத்தில் பொறிக்கப்பட்டிருக்கிறது.

சென்ற இடத்தில் பொருளும் விரிந்தது. பர்மிய மொழியில் இச்சொல் மொழியை மட்டுமன்றிச் சமயத்தையும், பள்ளியில் பயிலும் பாடத்தையும் குறிக்கும். மலாயில் ‘புடி பஹாசா’ என்றால் நன்னடத்தை என்று பொருள். ‘புத்தி’, ‘பாஷை’ என்னும் இரு சொற்களும் சேர்ந்து அங்கே பண்பாட்டுக்குப் பெயராயின.

நிற்க. “அப்படியாயின் மலாய் மொழி வடமொழியினின்று பிறந்ததோ?” என்று என் மாணவர்கள் கேட்பதுண்டு. இல்லை. கடன் வாங்குதல் வேறு, பிறப்புறவு வேறு. உறவை அறிய எண்ணுப்பெயர் போன்ற அடிப்படைச் சொற்களை நோக்க வேண்டும். மலாயில் இரண்டு ‘டுவா’. இது வடமொழி ‘த்வ’ போல ஒலிக்கிறதே எனலாம். ஆனால் வடமொழி எட்டியே பாராத நியூசிலாந்தில், மாவோரி மக்கள் இரண்டை ‘ருவா’ என்பர். ஹவாய்த் தீவினர் ‘லுவா’ என்பர். ஐந்தோ மலாயில் ‘லிமா’, மாவோரியில் ‘ரிமா’, ஹவாயில் ‘லிமா’. இம்மூன்றும் ஒரு தாய் மக்கள். வடமொழியோடு காணும் ஒப்புமை தற்செயலே. ஒரு சொல்லின் ஒலியை மட்டும் கொண்டு உறவு நாட்டுவோர் வழுக்கி விழும் இடம் இதுதான்.

1928 அக்டோபர் 28-இல், இன்று ஜகார்த்தா எனப்படும் நகரில் கூடிய இளைஞர்கள், தம் நாட்டை ஒன்றுபடுத்தும் மொழி ‘பஹாசா இந்தோனேசியா’ என உறுதி பூண்டனர். அவர்களுள் பலருக்குத் தாய்மொழி வேறு. தம் மொழியின் பெயரிலேயே அயற்சொல் நின்றது அவர்தம் விடுதலை வேட்கையைச் சிறிதும் குறைக்கவில்லை.

நமக்கோ ‘மொழி’ என்னும் சொந்தச் சொல் உண்டு. பெயராகவும் நிற்கும், ‘மொழிந்தான்’ என வினையாகவும் நடக்கும். அதனைப் பெருமையோடு ஆளுங்கள். ஆயினும் பிறர் சொற்களை ஆராயும்போது விருப்பும் வெறுப்பும் ஒதுங்கி நிற்கட்டும். வேற்றுமொழி ஒன்றைக் கற்கத் தொடங்கினால், ஒன்று முதல் பத்து வரையும், கண், கை, நீர் முதலிய பெயர்களையும் ஒரு தாளில் எழுதி, அறிந்த மொழிகளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உறவு எது, கடன் எது என்பது மெல்ல விளங்கும்.