தோன்றா எழுவாய்: போராட்டமும் காவலும் செய்தி மொழியும்

தமிழ் இலக்கணம் பயின்றோர் தோன்றா எழுவாயை அறிவர். ‘வந்தான்’ என்னும் ஒரு சொல்லே வாக்கியமாக நிற்கும். வந்தவன் அதன் ஈற்றுக்குள் மறைந்திருப்பான். மறைந்தாலும் இழப்பில்லை, வினைமுற்றே அவனைக் காட்டிக் கொடுத்துவிடும். திண்ணையை மெழுகியவரை விட்டுவிட்டுத் திண்ணையே மெழுகியதாகப் பேசும் உலக வழக்கையும் பழைய இலக்கண ஆசிரியர்கள் ஏற்றுக்கொண்டனர். மெழுகியவர் யாரென்று வழக்காடப் போவார் இல்லை என்பது அவர்களுக்குத் தெரியும்.

வழக்காட வேண்டிய இடத்திலும் எழுவாய் மறைகின்றதே என்பதுதான் இவ்வுரையின் பொருள். ‘துப்பாக்கிச் சூட்டில் இருவர் பலி’ என்பது தமிழ் நாளேடுகளில் பல்லாண்டுகளாகப் புழங்கிவரும் தலைப்பு வாய்பாடு. சுட்டவர் அதில் இல்லை. வினைமுற்றும் இல்லாமையால் ஈற்றைப் பிடித்து அவரைத் தேடவும் வழியில்லை. ‘பலி’ என்ற சொல்லோ தெய்வத்திற்குப் படைப்பதைக் குறித்து வந்தது. பேருந்து கவிழ்ந்து இறந்தவரும் மின்னல் தாக்கி இறந்தவரும் காவலரின் தோட்டா பாய்ந்து இறந்தவரும் இன்று அந்த ஒரே சொல்லுக்குள் அடங்குகின்றனர். சொல்லைத் தொழிலாகக் கொண்டோரின் அவையில் இதைப் பேசாமல் வேறெங்குப் பேசுவது?

செங்கற்பட்டு மண்ணிலிருந்தே தொடங்கலாம். இம்மாவட்டத்தின் ஆட்சியராக இருந்த திரமென்ஹீர், பறையர் மக்களின் நிலைமை குறித்து 1891இல் அரசுக்கு ஓர் அறிக்கை எழுதினார். நிலமின்மையே அவர்களின் அடிமை நிலைக்கு அடிப்படை என்பது அவர் கண்ட உண்மை. அதன் பயனாக 1892இல் சென்னை அரசு பிறப்பித்த ஆணையால் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு நிலங்கள் ஒதுக்கப்பட்டன. பத்து ஆண்டுகளுக்கு விற்கலாகாது, அதன்பின் விற்பினும் அம்மக்களுக்குள்ளேயே விற்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டோடு தரப்பட்ட நிலங்கள் அவை. பஞ்சமி நிலம் என்று பெயர் பெற்ற அவை நூறாண்டுக்குள் எவ்வாறெல்லாம் கைமாறின என்பது தனிக் கதை. செங்கற்பட்டுப் பகுதியிலுள்ள காரணையில் 600 ஏக்கருக்கும் மேற்பட்ட பஞ்சமி நிலத்தை மீட்க 1994இல் தலித் மக்கள் போராடினர், அந்நிலத்தில் அம்பேத்கர் சிலையை நிறுவினர், சிலை அகற்றப்பட்டது. அதனைக் கண்டித்தும் நிலத்தைக் கேட்டும் 1994 அக்டோபர் 10ஆம் நாள் அவர்கள் செங்கற்பட்டில் திரண்டபோது காவல்துறை சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை ஆகிய இருவர் உயிரிழந்தனர்.

இந்நிகழ்வைச் சொல்ல எத்தனை செய்திகள் தேவைப்படுகின்றன என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். 1891ஆம் ஆண்டு அறிக்கை, 1892ஆம் ஆண்டு ஆணை, அதன் கட்டுப்பாடுகள், நிலம் கைமாறிய வரலாறு, சிலை, சிலை நீக்கம் ஆகிய அனைத்தையும் சொன்னாலன்றி அந்த மக்கள் ஏன் அங்கு வந்தனர் என்பது விளங்காது. நாளேட்டுக்குக் கிடைப்பதோ பத்து வரி. கல், தடி, புகை, பலி ஆகிய நான்கும் அப்பத்து வரிக்குள் நன்றாகப் பொருந்தும், நூறாண்டு பொருந்தாது. செய்திச் சார்பு என்றவுடன் உரிமையாளரின் கட்சியையும் விளம்பரத்தையும் பேசுவதே வழக்கம். அவையும் உண்மைதான். ஆனால் ‘இன்று என்ன நடந்தது’ என்று மட்டுமே கேட்கும் பழக்கம் அவற்றினும் ஆழமான சார்பு. நேற்றை இழந்தவன் இன்று தெருவில் நிற்கும்போது, அவன் தெருவை மறித்தது மட்டுமே செய்தியாகிவிடுகின்றது.

சிற்றூர் நிருபரைக் குறை சொல்லி முடித்துவிடுவதும் அறமாகாது. மாலைக்குள் செய்தி அனுப்ப வேண்டிய அவருக்கு முதலில் கிடைப்பது காவல் நிலையத்தின் கூற்று. அடுத்த திருட்டுக்கும் அடுத்த விபத்துக்கும் அதே நிலையத்திற்கே அவர் சென்றாக வேண்டும். காயம்பட்டவர்கள் மருத்துவமனையிலும் மற்றவர்கள் தலைமறைவாகவும் இருக்க, காவல் அதிகாரி ஒருவரே நின்று பேசுகின்றார். ஆகவே ‘லேசான தடியடி நடத்திக் கூட்டத்தைக் கலைத்தனர்’ என்ற வாக்கியம் பிறக்கின்றது. ‘லேசான’ என்னும் அடைமொழி அடித்த கையின் கூற்று. முதுகைக் கேட்டு எழுதப்பட்டதன்று. ‘நடத்தி’ என்ற வினையும் கவனிக்கத்தக்கது. விழா நடத்துகின்றனர், பாடம் நடத்துகின்றனர், தடியடியும் நடத்துகின்றனர்.

சட்டம் இந்த அளவுக்கு மழுப்பலாகப் பேசவில்லை என்பதே வியப்பு. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 129 முதல் 132 வரையிலான பிரிவுகளும், 2024 சூலை 1 முதல் அவற்றினிடத்தைப் பெற்றுள்ள புதிய சட்டத்தின் 148 முதல் 151 வரையிலான பிரிவுகளும், கலைந்து செல்லுமாறு கட்டளையிடுவோர் யார் என்பதைக் குறிப்பிடுகின்றன. முதலில் கட்டளை, கேளாவிடில் வன்மை என்பது அதன் வரிசை. இப்பிரிவுகளின்படிச் செயல்பட்டவர்மீது அரசின் இசைவின்றி வழக்குத் தொடர இயலாது என்ற பாதுகாப்பும் உண்டு. அதாவது சட்டத்தின் வாக்கியத்தில் எழுவாய் இருக்கின்றது. கட்டளையிட்டவர் யார், எச்சரிக்கை எவ்வாறு தரப்பட்டது, காயம் முன்புறமா பின்புறமா என்று கேட்டு எழுதும் நிருபர் காவல்துறையைப் பழிப்பவர் ஆகார். சட்டம் கேட்பதையே அவரும் கேட்கின்றார். முறைப்படி நடந்துகொண்ட காவலருக்கு அக்கேள்விகளே அரண்.

இனி, எழுவாய் மறைவது மட்டுமன்று, மிகுவதும் உண்டு. 1987 செப்டம்பரில் இட ஒதுக்கீடு கேட்டு வன்னியர் நடத்திய ஒரு வாரச் சாலை மறியலில் மரங்கள் வெட்டி வீழ்த்தப்பட்டன. அப்போராட்டத்தில் 21 பேர் இறந்தனர். வெட்டப்பட்ட மரம் ஒரு சமூகத்தின் மீது வசைச் சொல்லாகவே ஒட்டிக்கொண்டது. இறந்த 21 பேர் அச்சமூகத்திற்கு வெளியே எத்தனை பேர் நினைவில் உள்ளனர்? 2013 ஏப்ரல் 25 அன்று மாமல்லபுரத்தில் நடைபெற்ற சித்திரை விழாவுக்குச் செல்லும் வழியில் மரக்காணத்தில் மோதல் மூண்டது. தலித் மக்களின் குடிசைகள் எரிந்தன. விழாவுக்குச் சென்றோரில் இருவர் மாண்டனர். அப்போது எழுவாய்க்குப் பஞ்சமே இல்லை. விசாரணை தொடங்குமுன்பே ஒரு சாதிப் பெயரோ மறு சாதிப் பெயரோ, படிப்பவரின் விருப்பத்திற்கேற்ப, அவ்விடத்தில் எழுதப்பட்டுவிட்டது. 2017 சனவரியில் மெரினாவில் ஏறுதழுவலுக்காகக் கூடிய இளைஞர்களை ஆறு நாட்கள் வரை ஏடுகள் வாழ்த்தின. 23ஆம் நாள் காவல்துறை அவர்களை வெளியேற்றத் தொடங்கியதும் ‘சமூக விரோதிகள் ஊடுருவினர்’ என்ற வாக்கியம் வந்தது. காவலர்களே வாகனங்களுக்குத் தீவைப்பதாகக் காட்டிய கைப்பேசிப் படங்கள் அன்றே பரவியதால்தான் அவ்வாக்கியம் தனித்து நிற்க இயலவில்லை.

தூத்துக்குடி இதன் உச்சம். 2018 மே 22இல் தாமிர ஆலைக்கெதிரான போராட்டத்தின் நூறாவது நாளில் நிகழ்ந்த துப்பாக்கிச் சூட்டிலும் மறுநாள் நிகழ்ந்ததிலுமாக 13 பேர் கொல்லப்பட்டனர். இங்கும் ‘சமூக விரோதிகள்’ வந்தனர். துப்பாக்கிச் சூட்டைத் தொலைக்காட்சியைப் பார்த்தே அறிந்ததாக அன்றைய முதலமைச்சர் கூறினார். நீதியரசர் அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை 2022 அக்டோபரில் சட்டமன்றத்தில் வைக்கப்பட்டபோது, அக்கூற்று பிழையென்றும், நிலவரம் அவருக்கு உடனுக்குடன் தெரிவிக்கப்பட்டது என்றும் அது கூறிற்று. தப்பி ஓடியவர்களை மறைவிடங்களிலிருந்து சுட்டதாகவும் கண்டது. காவல்துறையினர் 17 பேரைச் சுட்டிக் காட்டியது. எழுவாய் வந்து சேர நான்கு ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. ‘பலி’ என்ற தலைப்பு மறுநாளே வந்துவிட்டது.

கவிஞர்களும் இதில் பங்குடையவர்களே. ஒவ்வொரு துப்பாக்கிச் சூட்டிற்குப் பின்னும் இரங்கற் கவிதைகள் குவிகின்றன. அவற்றில் துப்பாக்கிகள் பேசுகின்றன, தோட்டாக்கள் பசித்திருக்கின்றன, மண் சிவக்கின்றது. உருவகம் அழகாகத்தான் இருக்கின்றது. ஆனால் துப்பாக்கி பேசும்போது, அதைப் பேச வைத்த விரலுக்கு அங்கே இடமில்லை. நாளேட்டின் தலைப்பில் மறைந்தவர் கவிதையிலும் மறைந்தே போகின்றார். சினம் முழுவதும் ஓர் இரும்புக் குழாயின் மேல் இறங்கித் தணிகின்றது. ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இரு பெயர்களைக் காரணை மக்கள் ஆண்டுதோறும் அக்டோபர் 10இல் சொல்லி வருகின்றனர். அவர்களது முறை எளியது: பெயர், நாள், கேட்ட நிலம்.

அந்நிகழ்வுக்கு இருபத்தைந்து ஆண்டுகளும் ஒரு நாளும் கழித்து, 2019 அக்டோபர் 11இல், இதே கடற்கரையில் இந்தியப் பிரதமரும் சீன அதிபரும் சந்தித்தனர். வேட்டி, அருச்சுனன் தபசு, கடற்கரைக் கோயில், இளநீர் என்று தொலைக்காட்சிகள் இரண்டு நாள் திளைத்தன. இரு நாட்டுத் தலைவர்களைக் காப்பது காவல்துறையின் கடமை என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. ஆனால் அக்கடமையின் பெயரால் அம்மாதத்தின் முதல் வாரத்திலேயே, புதுச்சேரியை அடுத்த கோட்டக்குப்பத்தில், திபெத்தியக் கவிஞர் டென்சின் சுண்டூ கைது செய்யப்பட்டார். சென்னை இலயோலாக் கல்லூரியில் பயின்றவர். திபெத்து விடுதலை பெறும் வரை கழற்றுவதில்லை என்று நெற்றியில் சிவப்புப் பட்டை கட்டியிருப்பவர். 2002இல் மும்பையிலும் 2005இல் பெங்களூரிலும் சீனத் தலைவர்கள் வந்தபோது உயரமான கட்டடங்களில் ஏறிக் கொடி காட்டியவர் என்பதால் காவல்துறைக்கு அவரைப் பற்றிய ஐயம் காரணமற்றதன்று. எனினும் இம்முறை அவர் எதிலும் ஏறியிருக்கவில்லை. சென்னைப் பகுதியில் பயின்ற திபெத்திய மாணவர்கள் சிலரும் பிடிக்கப்பட்டனர். ஏடுகள் இதனை அடியோடு மறைத்தன என்று கூறுவது பொய், செய்தி வந்தது. ‘முன்னெச்சரிக்கை நடவடிக்கையாக’ என்ற தொடருடன் சிறிய அளவில் வந்தது. இக்கரையின் மீனவர்கள் அச்சொல்லைப் புயலின்போது கேட்டுப் பழகியவர்கள்.

சந்திப்பு முடிந்த மறுநாள், அக்டோபர் 13இல், மாமல்லபுரக் கடலோடு தாம் உரையாடியதாகப் பிரதமர் இந்தியில் எழுதிய கவிதை வெளியாயிற்று. 20ஆம் நாள் அதன் தமிழாக்கமும் வந்தது. இரண்டையும் செய்தி உலகம் விரிவாக வெளியிட்டது. ஒரு நாட்டின் தலைவர் கவிதை எழுதுவது செய்திதான், அதில் தவறில்லை. அதே மாதத்தில் அதே கடலோரச் சாலையில் பிடிக்கப்பட்டவரும் கவிதை எழுதுபவர் என்பதை அச்செய்திகளுக்கு அருகே வைத்துக் காட்ட ஒரு துணைத் தலைப்பின் இடமே போதுமானதாக இருந்திருக்கும்.