புண்ணுக்குக் கட்டு மாற்றுதல்

ஆண்டு விழா மேடையில் இலக்கியம் பேச வல்லார் பலர் உளர். மெட்ரிகுலேஷன் அளவே கற்று, இரயில்வேயில் குமாஸ்தாவாகப் பணிபுரியும் நாங்கள், இல்லத்தில் பட்டறிந்த ஒன்றையே கூற வந்துள்ளோம்.

சென்ற ஆண்டு எங்கள் தந்தையார் படியில் வழுக்கி விழுந்து, முழங்காலுக்குக் கீழே பெருங்காயம் அடைந்தார். மருத்துவமனையில் கட்டுப்போட்டு, ஒருநாள் விட்டு ஒருநாள் வீட்டில் மாற்றுமாறு பணித்தனர். நாங்கள் அலுவலில் இருந்தமையால் இல்லத்தரசி மட்டுமே உடன் சென்றிருந்தார். செவிலியர் இந்தியில் சொன்ன 'பிகோகர்' என்னும் சொல் அவருக்கு விளங்கவில்லை. மீண்டும் கேட்க நாணினார். 'நனைத்து' என்பது அதன் பொருள். அதனை அறியாது, உலர்ந்து ஒட்டிய துணியை அப்படியே உரித்தோம். புதிதாய் வளர்ந்த தசையும் உடன் வந்தது, குருதி கசிந்தது. தந்தையார் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தார்.

அடுத்த முறை, "புண் ஆறிவிட்டது, கட்டு மாற்ற வேண்டா" என்றார். நம்பினோம். சில நாளில் காய்ச்சல் கண்டது. அவிழ்த்துப் பார்க்கச் சீழ் கட்டியிருந்தது. வலிக்கு அஞ்சியே அவர் மறைத்தார் என்பதை அன்றுதான் உணர்ந்தோம். நோயாளிக்கு நோவு தராமை வெறும் இரக்கமன்று. அதுவும் மருத்துவத்தின் ஒரு பகுதியே.

பின்னர் முறையாகக் கேட்டறிந்தவற்றைச் சொல்கிறோம்.

மருத்துவர் வலிக்கு மாத்திரை தந்திருப்பின், கட்டு மாற்றுவதற்கு அரைமணி முன்னதாகக் கொடுக்கலாம். வேண்டிய பொருள்களைத் தூய தட்டில் எடுத்து வைத்து, நோயாளியை வசதியாகச் சாய்ந்திருக்கச் செய்க.

அடுத்தது கை. 1847-இல் வியன்னா மருத்துவமனையில் செம்மல்வைஸ் என்னும் மருத்துவர், பிள்ளைப்பேறு பார்க்குமுன் மருத்துவர்கள் கைகழுவ வேண்டுமென விதித்தார். தாய்மார் இறப்பு வெகுவாகக் குறைந்தது. ஆகவே சோப்பிட்டு, நகக்கண்ணும் விரலிடுக்கும் தேய்த்து, 20 விநாடிக்குக் குறையாமல் கழுவுக. பழைய கட்டை எடுத்தபின் மீண்டும் கழுவுக.

பிளாஸ்திரியைப் பிரிக்கையில் ஒரு கையால் தோலை அழுத்திப் பிடித்து, மயிர் வளர்ந்த திசையிலேயே மெல்ல எடுக்க வேண்டும். துணி ஒட்டியிருந்தால் மருந்துக்கடையில் கிடைக்கும் சலைன் நீரையோ, கொதித்து ஆறிய நீரையோ ஊற்றிச் சில நிமிடம் பொறுங்கள், தானே இளகும். அவசரம் கூடாது. புண்ணைத் துடைத்த துணித்துண்டை மறுமுறை பயன்படுத்தலாகாது. சுற்றுத் தோலை ஒற்றி உலர்த்துக. பஞ்சை நேரே புண்மேல் வைத்தால் இழை ஒட்டும். மஞ்சள்தூளும் காப்பித்தூளும் அறவே வேண்டா. கட்டியபின் விரல்நுனி குளிர்ந்தாலோ, மரத்தாலோ, நீலம் பாரித்தாலோ கட்டு இறுகிவிட்டது என்று பொருள், உடனே தளர்த்துக.

சிவப்புப் பரவுதல், சூடு, வீக்கம், துர்நாற்றம், சீழ், காய்ச்சல் ஆகியவற்றுள் ஒன்று கண்டாலும் மருத்துவரிடம் செல்க. நீரிழிவுடையோர்க்குக் காலில் வலி தெரியாதிருக்கலாம். அவர்தம் சொல்லை நம்பாது, கண்ணால் நாள்தோறும் பார்க்க வேண்டும்.

எங்கள் தந்தையார் நலமுற்று, இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். பிறமொழி வழங்கும் ஊரில் வாழும் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்: மருத்துவமனையில் விளங்காத சொல்லை இருமுறை கேளுங்கள், நாணம் வேண்டா. அண்டை வீட்டாரை உடன் அழைத்துச் செல்லுங்கள். ஒரு சொல் அறியாமையால் எங்கள் இல்லம் பட்ட துன்பம் இக்காலனியில் வேறெவர்க்கும் வாராதிருக்கட்டும்.