தொற்று நோய்க் காலமும் ஊர் விளையாட்டு விழாவும்

(பஞ்சாயத்து உறுப்பினர் பயிற்சி முகாமில் நிகழ்த்திய உரை)



அறுவடை முடிந்து களம் ஓய்ந்ததும் நம் ஊர்களில் விளையாட்டு தலையெடுக்கிறது. கபடிப் பந்தயம், கைப்பந்து, உறியடி, வழுக்கு மரம், சில மாவட்டங்களில் ஜல்லிக்கட்டு என எங்கும் ஆரவாரமே. நாம் இவற்றுக்குப் பகைவர் அல்லோம். ஆயினும், ஊரிலோ பக்கத்து ஊரிலோ ஒரு தொற்று நோய் கிளம்பியிருக்கும் வேளையில் பந்தயத்தை நடத்துவதா, தள்ளிவைப்பதா என்ற கேள்வி எழுமானால், மக்கள் முதலில் பார்ப்பது பஞ்சாயத்தாரின் முகத்தையே. அக்கேள்விக்கு விடை காணும் வழியைப் பற்றி இன்று பேச விரும்புகிறோம்.

முதலில் நோய் பரவும் வழியை அறிய வேண்டும். காலரா தண்ணீராலும் உணவாலும் பரவுவது. டெங்குக் காய்ச்சல் கொசுவால் வருவது. தட்டம்மையும் கொரோனாவும் மூச்சுக்காற்றின் வழியே தொற்றுவன. டெங்குக் காலத்தில் ஆட்டக்காரரை ஆறடி விலக்கி நிறுத்துவதால் பயன் இல்லை. மைதானத்தைச் சுற்றி மழைநீர் தேங்கிக் கிடக்கும் சிரட்டையையும் பழைய டயரையும் அப்புறப்படுத்துவதே வேலை. வயிற்றுப்போக்குக் காலத்தில் முகக்கவசம் உதவாது. குடிநீர்த் தொட்டியைக் கழுவிக் குளோரின் கலந்து, அரை மணி நேரத்திற்குப் பின் லிட்டருக்கு அரை மில்லிகிராமாவது குளோரின் எஞ்சியிருக்கிறதா என்று சோதிக்க வேண்டும்.

2018ஆம் ஆண்டு தென் கொரியாவின் பியோங்சாங்கில் குளிர்கால ஒலிம்பிக் பந்தயங்கள் தொடங்கும் தறுவாயில், காவல் பணியாளரிடையே நோரோ வைரஸ் என்னும் வயிற்றுப்போக்கு நோய் கண்டது. சுமார் 1,200 காவலர்களை விலக்கிவிட்டு, 900 இராணுவத்தினரை அவ்விடத்தில் நிறுத்த நேர்ந்தது. வீரர்களையே காத்துக்கொண்டிருந்தவர்களுக்கு நோய் வேறு வாசல் வழியே வந்தது பாருங்கள்! நம் ஊர்ப் பந்தயத்திலும் சமைப்பவர், பரிமாறுபவர், தண்ணீர் மொண்டு கொடுப்பவர் ஆகியோரின் நலத்தை ஆட்டக்காரரின் நலத்துக்குச் சமமாகக் கருத வேண்டும்.

மூச்சுக்காற்றால் பரவும் நோயைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டும். 1991ஆம் ஆண்டு அமெரிக்காவின் மினியாபொலிஸ் பகுதியில் மாற்றுத்திறனாளருக்கான சிறப்பு ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தன. அங்கு வந்திருந்த ஓர் ஓட்டப்பந்தய வீரருக்குத் தட்டம்மை இருந்தது. தொடக்க விழா, கூரை மூடிய பெரிய அரங்கில் நடைபெற்றது. வீரர்கள் நுழையும் வாயிலுக்கு 30 மீட்டருக்கும் மேலான உயரத்தில், ஒரே பகுதியில் அமர்ந்திருந்த பார்வையாளர் இருவருக்கும் பின்னர் தட்டம்மை கண்டது. அவர்கள் அவ்வீரரைத் தொட்டவரும் அல்லர், அருகில் சென்றவரும் அல்லர். மூடிய கூரையின் கீழ்க் காற்று எவ்வளவு தூரம் நோயைச் சுமந்து செல்லும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. மழைக்கு அஞ்சி நாற்புறமும் தகரம் அடைத்துப் பந்தல் போடும் வழக்கம் நம்மிடையே பரவிவருகிறது. நோய்க் காலத்தில் அது கூடவே கூடாது.

திறந்த வெளி எவ்வளவோ மேல். ஆனால் கபடியில், 'கபடி, கபடி' என்று மூச்சிரைக்கப் பாடிச் செல்பவரை ஏழு பேர் வளைத்துக் கட்டிப் பிடிக்கிறார்கள்; அங்கே திறந்த வெளி என்ற சமாதானம் செல்லாது. ஆட்டத்தைக் காட்டிலும் பெரிய ஆபத்து, ஒரே வேனில் இருபது பேர் நெருங்கி வருவதும், இரவில் பள்ளிக்கூட அறையில் ஒன்றாகப் படுப்பதும் ஆகும். அந்தந்த ஊரார் அன்றன்றே திரும்பும்படி ஆட்டங்களை வகுத்தால் அதில் பாதி தீரும்.

கொரோனாக் காலத்தில் தமிழ்நாட்டு அரசு ஜல்லிக்கட்டை அடியோடு நிறுத்திவிடவில்லை, அளவைச் சுருக்கிற்று. 2021இல் ஜல்லிக்கட்டுக்கு 300 வீரர், எருது விடும் விழாவுக்கு 150 வீரர் என்று வரம்பு கட்டிப் பார்வையாளரைப் பாதியாக்கிற்று. 2022இல் பார்வையாளர் 150 பேர், அல்லது இருக்கையில் பாதி, இவற்றுள் எது குறைவோ அதுவே என்றும், இரண்டு தவணைத் தடுப்பூசியும் 48 மணி நேரத்துக்குள் எடுத்த பரிசோதனைச் சான்றும் வேண்டும் என்றும் விதித்தது. தொழுவத்துக்கு ஆட்களை எண்ணி அனுப்ப முடியுமானால், கபடி மைதானத்தில் எண்ண முடியாதா?

சுருக்கினாலும் போதாத நிலை வரலாம். அப்போது தள்ளிவைப்பதில் மானக்கேடு ஒன்றும் இல்லை. 2020 மார்ச் 24ஆம் நாள் டோக்கியோ ஒலிம்பிக் தள்ளிவைக்கப்பட்டு, 2021 ஜூலை 23ஆம் நாளில்தான் தொடங்கிற்று. டோக்கியோ அரங்குகளில் வெளிப் பார்வையாளரே இல்லை. கோப்பையில் ஆண்டைப் பொறித்தாயிற்றே என்று வருந்தும் விழாக் குழுவினருக்கு ஒரு செய்தி: அடுத்த ஆண்டில் வழங்கிய அப்பதக்கங்களிலும் '2020' என்றே இருந்தது!

மெய்யான தடை, கொடுத்துவிட்ட முன்பணம். பந்தலுக்கும் ஒலிபெருக்கிக்கும் பணம் கட்டிவிட்டோம், நன்கொடையாளர் என்ன சொல்வாரோ என்ற தயக்கத்தில்தான் பல ஊர்களில் புத்தி தடுமாறுகிறது. ஆகவே முன்பணம் கொடுக்கும்போதே, சுகாதார அதிகாரி வேண்டாம் என்றால் அதே பணத்துக்கு வேறொரு தேதி தர வேண்டும் என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவரின் யோசனையைக் கேட்டு, எந்நிலையில் நிறுத்துவது, யார் அறிவிப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானப் புத்தகத்தில் பதிந்துவிடுங்கள். கூட்டம் கூடிய பிறகு எந்தத் தலைவராலும் அதைச் சொல்ல இயலாது.

பந்தய விதியிலும் ஒரு திருத்தம் வேண்டும். ஒருவர் விலகினால் அணியே தோற்றதாகும், நுழைவுக் கட்டணமும் திரும்பாது என்று விதி இருந்தால், காய்ச்சல் கண்ட இளைஞன் என்ன செய்வான்? மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு மைதானத்தில் இறங்குவான். நோயை மறைக்குமாறு நாமே அவனுக்குக் கூலி கொடுப்பதாகும் இது. காய்ச்சல் என்று சொன்னவருக்குப் பதில் வேறொருவரை இறக்கத் தடை கூடாது. அணியே விலகினால் கட்டணத்தைத் தயங்காமல் திருப்பித் தர வேண்டும்.

வந்த அணிகள், ஆட்டக்காரர், சமையற்காரர் ஆகியோரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அடங்கிய பட்டியலை விழா முடிந்ததும் எறிந்துவிடாதீர்கள். தட்டம்மை தொற்றியவருக்குச் சொறி வெளிப்படச் சுமார் இரண்டு வாரம் ஆகும். சிலருக்கு மூன்று வாரமும் ஆகலாம். அதுவரை அப்பட்டியல் பஞ்சாயத்து அலுவலகத்தில் இருக்கட்டும். சுகாதார ஆய்வாளர் வந்து கேட்டால் அன்றைக்கே எடுத்துக் கொடுக்கலாம்.